கார்டு மாறும் நேரத்தில் நழுவும் தாளம்

சொந்தமாக கிடார் கற்றுக்கொண்ட ஒருவர் வாசிப்பதைக் கேட்கும்போது, கார்டுகளை விட்டுவிட்டு ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தைக் கவனியுங்கள். ஜி மேஜர் சுத்தமாக விழும். சி மேஜரும் சுத்தமாக விழும். இரண்டுக்கும் நடுவில் வலது கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிடும். இடது கை விரல்கள் தத்தம் இடத்தைத் தேடிப்பிடித்து உட்கார்ந்த பிறகுதான் ஸ்ட்ரம்மிங் தொடரும். கூடப் பாடுகிறவர் இருந்தால் அவரும் வரியை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடைகளிலும் அடுக்ககப் பொங்கல் விழாக்களிலும் இந்த இடறலைத் தொடர்ந்து கேட்கிறேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கேட்கிறது; வாசிப்பவருக்கு மட்டும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? அவர் தனியறையில், யூடியூப் பார்த்து, தனக்குத்தானே வாசித்து வளர்ந்தவர். அங்கே தாளம் போட ஆளில்லை. கை நிற்கும்போது பாட்டும் அவருக்காக நின்றுகொள்கிறது. மாதக்கணக்கில் இப்படி வாசித்தால் அந்த இடைவெளியும் பாட்டின் பகுதியாகவே மனதில் பதிந்துவிடுகிறது. கிடார் கற்பவர்களின் தவறுகள் என்று நீளமான பட்டியல்கள் உலவுகின்றன. என் கணக்கில் முதல் தவறு இதுதான். மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

குரு இல்லாமலே உச்சம் தொட்டவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கதையில் நாம் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறோம். இடது கைக்காரரான ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், வலது கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பிப் பிடித்து வாசித்தார். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. அது வரைதான் நமக்கு நினைவிருக்கிறது. ராணுவத்தில் சேர்ந்து ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில் இருந்த நாளிலேயே பில்லி காக்ஸ் என்ற பாஸ் கிடார் கலைஞரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். வெளியே வந்தபின் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றோரின் குழுக்களில் பக்கவாத்தியம். 1966-ல் லண்டனுக்குப் போகும் முன் இப்படிச் சில ஆண்டுகள் கழிந்தன. அந்த மேடைகளில் கிடார்காரர் விரல் தேடுகிறார் என்பதற்காக டிரம்ஸ் நிற்காது. பி7 கார்டு தெரிந்த ஒருவர் லிவர்பூலின் மறுகோடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்க் கற்று வந்ததைப் பால் மெக்கார்ட்னி பலமுறை சொல்லியிருக்கிறார். வாத்தியார் இல்லை, சரி. ஆனால் ஆள் துணை இருந்தது.

வெஸ் மாண்ட்கோமரியின் கதை இன்னும் துல்லியமான பாடம். இண்டியானாபொலிஸ்காரர், 1923-ல் பிறந்தவர். இருபது வயதையொட்டித்தான் ஜாஸ் கிடாரைத் தீவிரமாக எடுத்தார். சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, அவருடைய சோலோக்களை ஸ்வரம் ஸ்வரமாகக் காதால் பிடித்தார். உள்ளூர் கிளப் ஒன்றில் அந்த சோலோக்களை வாசிப்பதற்காகவே வேலை கிடைத்தது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாதென்று பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மீட்டியது, கடைசிவரை அவருடைய நாதமாகவே நிலைத்தது. பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப். அண்ணன் மங்க் பாஸ் வாசித்தார். தம்பி பட்டி பியானோவும் வைப்ரஃபோனும். புத்தகப்படி பார்த்தால் கட்டைவிரலால் மீட்டுவது பிழை. ஹெண்ட்ரிக்ஸ் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே கொண்டுவந்து பாஸ் தந்தியை அழுத்தியதும் பிழை. இந்தப் பிழைகளை இசை ஏற்றுக்கொண்டது. தாளத்தில் நிற்காத வாசிப்பை எந்த இசையும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆகவே முதல் பயிற்சி வலது கைக்கு. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள். ஜி நான்கு எண்ணிக்கை, சி நான்கு எண்ணிக்கை. இடது கை வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். விரல்கள் தாமதமானால் வெறும் தந்தி ஒலிக்கட்டும், மந்தமான சத்தம் வரட்டும், பரவாயில்லை. தேர்ந்த கிடார்காரர்களும் நான்காவது எண்ணிக்கையின் கடைசி மேல்வீச்சில் இடது கையைத் தளர்த்திவிடுகிறார்கள். அந்த அரை எண்ணிக்கையில் திறந்த தந்திகள் ஒலிக்கும்போதே விரல்கள் அடுத்த கார்டுக்குப் பயணம் செய்துவிடும். புகழ்பெற்ற பதிவுகளிலும் அந்தத் திறந்த ஒலியைக் கேட்கலாம். ஜியை முழு நான்கு எண்ணிக்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் சிக்குப் போகத் தாமதமாகிறது.

அடுத்தது விரல் அமைப்பு. வலைத்தளப் படங்களில் பெரும்பாலும் முதலில் வரும் ஜி மேஜர் இப்படி: நடுவிரல் ஆறாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில், ஆள்காட்டி ஐந்தாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில், மோதிர விரல் முதல் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில். இதிலிருந்து சிக்குப் போக மூன்று விரல்களும் தனித்தனித் திசையில் பறக்க வேண்டும். அதே ஜியை மோதிர விரல் ஆறாம் தந்தியிலும், நடுவிரல் ஐந்தாம் தந்தியிலும், சுண்டுவிரல் முதல் தந்தியிலும் வைத்துப் பிடித்துப் பாருங்கள். சி வரும்போது மோதிர விரலும் நடுவிரலும் அதே வடிவத்தில் ஒரு தந்தி கீழே இறங்குகின்றன. ஆள்காட்டி இரண்டாம் தந்தி முதல் ஃப்ரெட்டில் விழுகிறது. அவ்வளவுதான். முதலில் சுண்டுவிரல் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். கார்டைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், எந்தக் கார்டிலிருந்து எந்தக் கார்டுக்கு என்று ஜோடியாகக் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எந்த விரல் நகராமல் நிற்கலாம், எவை சேர்ந்து நகரலாம் என்பதை ஜோடியாகப் பார்த்தால்தான் தெரியும்.

பலர் கிடாரைப் பரண்மேல் ஏற்றுவது எஃப் மேஜரில்தான். ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் நசுக்க முயன்று, மணிக்கட்டு வலித்து, தன் விரலில் பலமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் கார்டில் ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி உண்மையில் ஒலிக்க வைக்க வேண்டியவை ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று தந்திகள் மட்டுமே. விரலின் சதைப் பக்கத்தைத் தட்டையாக வைக்காமல், கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு விளிம்புக்குச் சற்றே உருட்டி வையுங்கள். முதல் ஃப்ரெட்டில் தந்தி மிக விறைப்பாக இருக்கும். அங்கே தொடங்க வேண்டியதில்லை. அதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ மேஜர். அங்கே சுத்தமான பிறகு, ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி எஃப்புக்கு வாருங்கள்.

விரல் நுனி எரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், சில வாரங்களில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டோ முழங்கையோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகில் அழுத்தினால் பாதி பலம் போதும். தந்தி உயரத்தையும் ஒருமுறை பாருங்கள்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தி இரண்டரை மில்லிமீட்டரைச் சுற்றி இருந்தால் நல்லது, நான்கு இருந்தால் குறை உங்கள் விரலில் இல்லை, கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் ஸ்டீல் தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது.

இனி பயிற்சி நேரம். ஒரு மணி நேரம் பயிற்சி செய்தேன் என்பவர் பெரும்பாலும் தெரிந்த நான்கு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்திருப்பார். ஷார்ட் பந்தில் தொடர்ந்து அவுட்டாகும் பேட்ஸ்மேன் வலைப்பயிற்சியில் ஹாஃப் வாலியாகக் கேட்டு டிரைவ் அடித்துக்கொண்டிருப்பதற்கு இது சமம். இளைய நிலா பாட்டின் தொடக்கத்தில் வரும் கிடாரைத் தமிழ்நாட்டில் முயன்று பார்க்காத மாணவர் குறைவு. இடறுவது ஒரே ஒரு திருப்பத்தில் என்றால், அந்தத் திருப்பத்தையும் அதற்கு முன்னால் வரும் இரண்டு ஸ்வரங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் செலவிடுங்கள். தினமும் இருபத்தைந்து நிமிடம், ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் என்ற இரண்டில் முதலாவதே கைக்கு ஏறும்.

வேகத்துக்கு நம்மிடமே நல்ல முறை இருக்கிறது. சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடும்போது தாளம் போடும் கையின் வேகம் மாறுவதில்லை. ஒரு தட்டுக்குள் விழும் ஸ்வரங்கள்தான் ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருகுகின்றன. கிடாரில் ஸ்கேல் பழகுபவர்களும் மெட்ரோனோமை 60-லேயே விட்டு, இதே போல மூன்று காலமும் செய்து பார்க்கலாம். எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதைவிட இது காலப்பிரமாணத்தை உடம்பில் உறுதியாக இறக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை செல்போனில் பதிவு செய்து, கிடாரை ஓரமாக வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டபடி கேளுங்கள். எங்கே உங்கள் தட்டும் பதிவும் பிரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பயிற்சி அங்கே தொடங்கட்டும். தந்தியையும் ஃப்ரெட்டையும் எண்ணால் காட்டும் டேப் குறிப்பைப் பார்த்து வாசிப்பதில் தவறில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு சின்ன மெட்டையாவது, வெஸ் செய்தது போலக் காதால் மட்டும் பிடியுங்கள்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று வகுப்புக்காவது ஒரு ஆசிரியரிடம் கையைக் காட்டிவிடுவது நல்லது. அதைவிடவும் அவசரமாக ஒரு துணையைத் தேடுங்கள். பாடத் தெரிந்த தங்கை, கஹோன் தட்டும் நண்பன், பக்கத்துத் தெரு தேவாலயத்தின் பாடகர் குழு, யாரானாலும் சரி. இரண்டு கார்டு மட்டுமே தெரிந்த முதல் மாதத்திலேயே சேர்ந்து வாசிக்கலாம். ஒரே நிபந்தனை: நீங்கள் தடுமாறும்போது அவர்கள் நிறுத்தக் கூடாது, நீங்களும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லக் கூடாது. வலது கை ஓடிக்கொண்டிருக்கட்டும். தவறிய கார்டை விட்டுவிட்டு அடுத்த ஒன்றாம் எண்ணிக்கையில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.