சால்வையும் வாழ்த்துப்பாவும்

சம்பளம் கொடுத்து ஆள் திரட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒரு பைசா கொடுக்காமல் நூறு பேரை விடியுமுன் வரவழைத்து, கடைசிப் பந்தி முடியும்வரை முகம் சுளிக்காமல் நிற்க வைக்கிறாரே ஒருவர், அவருக்கு என்ன மரியாதை செய்கிறோம் என்பதில்தான் ஓர் ஊரின் மனசு தெரியும். இந்த விஷயத்தில் மதுரை யாருக்கும் இளைத்ததில்லை என்பது என் எண்ணம். பருத்தித்துறையிலிருந்து கண் சிகிச்சைக்காக வந்திருந்த பெரியவர் ஒருவர் அதைக் கேள்வி கேட்டதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

சிம்மக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பாராட்டு விழாவுக்கு அவரை அழைத்துப் போயிருந்தேன். கிராமங்களில் கண் சிகிச்சை முகாம் நடத்துவதற்குப் பல ஆண்டுகளாகத் தொண்டர்களைத் திரட்டி வரும் ஒருவருக்கு விழா. சால்வை மேல் சால்வையாக விழுந்துகொண்டிருந்தது. பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, உங்கட ஊரிலை சால்வை மலிஞ்சு போச்சு. ஆளைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் எழுதி வைக்கேல்லையே?" என்றார். விருந்தாளி என்பதால் பதில் பேசவில்லை. ஆனால் பதில் இருக்கிறது.

முதலில், அந்த மனிதர் செய்யும் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். 1976-ல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது உலகத்துக்குத் தெரியும். அந்த மருத்துவமனை வளர்ந்த கதையில் பாதி, ஊர் ஊராக முகாம் நடத்திக் கொடுத்தவர்களின் கதை. டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வரும். பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, பந்தல், குடிதண்ணீர், சாப்பாடு, வரிசை எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. லயன்ஸ், ரோட்டரி சங்கங்களிலிருந்து கோயில் கமிட்டிவரை இதைச் செய்திருக்கிறார்கள்.

மேலூர்ப் பக்கம் ஒரு முகாமில் இவரை நான் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வான ஒவ்வொரு பாட்டியின் பெயருக்கு எதிரிலும் தெரு, மகன் பெயர் எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட யாருத்தா இருக்கா?" ஆள் இல்லை என்றால், கூட நிற்கும் இளவட்டங்களில் ஒருவரைக் கைகாட்டி அந்தப் பெயரையும் எழுதிக்கொள்வார். பஸ் ஏறத் தயங்கி நின்ற பாட்டி அதற்குப் பிறகுதான் ஏறுவார். கண் தெரியாததைவிட ஆடு பட்டினி கிடப்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. இதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் தொண்டர்களை நடத்துகிறவரின் திறமை.

அன்று மண்டபத்தில் சால்வை போட்டவர்களைப் பெரியவர் கவனிக்கவில்லை. மைக்செட் போட்டவர், முகாமில் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை சோதித்த கல்லூரி மாணவி, சாம்பார் வாளி தூக்கிய பையன், தழை ஒடித்துப் போட்ட அதே இளவட்டம், இவர்கள்தான் மேடையேறினார்கள். அவரிடம் வேலை செய்தவர்களே தங்கள் கையால் போர்த்தினார்கள். வாங்கியவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போட்ட சால்வையை எடுத்து அவர்கள் தோளிலேயே திருப்பிப் போட்டார். எங்கள் ஊர் மரியாதை இப்படித்தான் கைமாறும். அச்சில் ஏற்றினால் இந்தச் சூடு வராது.

இலங்கைத் தமிழர்களின் வழி வேறு. அங்கே கௌரவிப்பு என்றால் எழுத்து முக்கியம். சனசமூக நிலையத்தையோ மாதர் சங்கத்தையோ நீண்டகாலம் கட்டிக் காத்தவருக்கு வாழ்த்துப்பா பாடி, சட்டம் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். சிறப்பு மலர் வெளியிடுகிறார்கள். ஊருக்கு உழைத்தவர்களுக்குச் சமாதான நீதவான் பதவி கிடைப்பதும் உண்டு. அது பெயருக்குப் பின்னால் காலமெல்லாம் நிற்கும். இறந்த பிறகும் கல்வெட்டு என்ற பெயரில் ஒரு புத்தகமே அச்சாகிறது. நாங்கள் ஒருங்கிணைப்பாளர் என்பவரை அவர்கள் இணைப்பாளர் என்கிறார்கள். எங்கள் தன்னார்வலர் அங்கே தொண்டர். கோயிலைக் கூட்டிப் பெருக்குவதை நாங்கள் உழவாரப் பணி என்போம். அவர்களுக்குக் கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை எதுவானாலும் சிரமதானம்தான்.

அவர்கள் வழிக்குச் சிறந்த உதாரணம் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தை நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி. 1925-ல் பிறந்து 2008-ல் மறைந்த அந்த அம்மையார், ஒரு கோயிலை வைத்துக்கொண்டு ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். போர்க்காலத்திலும் தொண்டர்களை விட்டுவிடாமல் நடத்தினார். சிவத்தமிழ்ச்செல்வி, துர்க்கா துரந்தரி என்று பட்டங்கள் சேர்ந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பருத்தித்துறைப் பெரியவர் அவர் பேச்சை நேரில் கேட்டவர். அவரைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அந்தப் பட்டங்களெல்லாம் தகுதியானவருக்கே போயின என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இலங்கையின் மிகப் பெரிய தொண்டர் படையைக் கட்டியவர் ஏ.டி. ஆரியரத்ன. கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த அவர், 1958-ல் மாணவர்களை ஒரு பின்தங்கிய கிராமத்துக்குக் கூட்டிப் போய்த் தொடங்கியதுதான் சர்வோதய சிரமதான இயக்கம். சர்வோதயம் என்ற அந்தச் சொல் காந்தி கொடுத்தது. காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது எங்கள் மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22-ம் தேதி. ஆரியரத்னவுக்கு 1996-ம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசைக் கொடுத்து மரியாதை செய்தது இந்தியா. அண்டை நாட்டுத் தொண்டரையே அடையாளம் கண்டு கொண்டாடிய மண், உள்ளூர்க்காரரைச் சால்வையோடு அனுப்பிவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எங்கள் ஊருக்குச் சாட்சி சின்னப்பிள்ளை. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர். பள்ளிக்கூடம் போகாதவர். வயல் வேலைக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், நிலத்துக்காரரிடம் கூலி பேசி வாங்கிக் கொடுத்தவர். பிறகு மதுரையின் தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் சேமிப்புக் குழுக்களுக்கு ஊர் ஊராகப் பெண்களைச் சேர்த்தார். கந்துவட்டிக்காரரின் வாசலில் நின்ற பெண்களைத் தங்கள் சேமிப்பிலிருந்தே கடன் வாங்க வைத்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டார். 2018-ல் தமிழக அரசின் ஔவையார் விருதும் 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்கு எந்த வாழ்த்துப்பாவை வாசித்துக் காட்டினாலும், அந்தக் குனிதலுக்கு அது ஈடாகாது. மரியாதையை உடம்பால் காட்டுவது எங்கள் பழக்கம். கோயிலில் பரிவட்டம் கட்டுவதும் அதுதான், தோளில் சால்வை விழுவதும் அதுதான்.

எங்கள் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. முதல் மரியாதை யாருக்கு என்று ஊர்கள் பிரிந்து நின்றதும், வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போனதும் உண்டு. சாதி பார்த்துக் கட்டிய பரிவட்டம் மரியாதையே அல்ல. ஆனால் தொண்டர்களை நடத்துபவருக்குத் தொண்டர்களே செய்யும் மரியாதையில் இந்த நோய் இல்லை. அங்கே பிறப்பை யாரும் கேட்பதில்லை. கூப்பிட்டால் ஆள் வருகிறதா என்பதுதான் கேள்வி. அடுத்த முகாமுக்கும் அவரையே பொறுப்பேற்கச் சொல்கிறார்களே, சால்வையைவிடப் பெரிய மரியாதை அது.

தொண்டர்களை நடத்துபவர்களுக்கென்று நவம்பர் 5-ம் தேதியை உலக நாளாகக் கொண்டாடுகிறார்கள். மதுரைக்கு அது மழைக்காலம். எங்களுக்குப் பொருத்தமான காலம் சித்திரைத் திருவிழா. அழகர் மலைக்குத் திரும்பியதும் வழிநெடுக நீர்மோர்ப் பந்தல்களைப் பிரிக்கிறார்கள். வெயிலில் நாள் முழுக்க மோரும் பானகமும் ஊற்றிய பிள்ளைகள் கலைவதற்கு முன்னால், ஒவ்வொரு பந்தலையும் நடத்தியவரைத் தமுக்கம் மைதானத்துக்கு அழைத்துச் சால்வை போடலாம். பருத்தித்துறைக்காரர் கேட்டபடி ஒரு மலரும் அச்சிடலாம். நல்ல பழக்கத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கிக்கொள்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் யார் பெயர் அதில் வர வேண்டும் என்பதைத் தலைவர்களும் அதிகாரிகளும் முடிவு செய்யக் கூடாது. மோர் ஊற்றியவர்கள் சொல்லட்டும்.