அவலரக்கின் மெருகு

பழைய தேக்கு அலமாரிகளும் ஈட்டி மர மேசைகளும் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டும் தேன்நிற ஒளிர்வு, மரத்தின் இயல்பான அழகோடு அவலரக்கு என்னும் பிசின் மிக மெல்லிய படலமாகக் கலந்து நிற்பதால் விளைவது. பலசரக்குப் பொருளைப்போல எடை போட்டு விற்கப்படும் இந்தப் பிசினின் செதில்களை வாங்கி, வீட்டிலேயே, தம் கையாலேயே ஒரு பழைய மரச்சாமானுக்கு மெருகேற்ற முடியும் என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை.

அரக்குப் பூச்சி என்னும் மிகச் சிறிய உயிரி புரசு, கும்பாதிரி, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சித் தன் உடலைச் சுற்றிக் கசியவிடும் பிசினே அரக்கு. கிளையோடு ஒட்டியிருக்கும் நிலையில் அது கொம்பரக்கு எனப்படும். அதைச் சுரண்டிப் பொடித்து, சிவப்புச் சாயம் போகக் கழுவி, நீண்ட துணிப்பையில் அடைத்து நெருப்பருகே முறுக்கிப் பிழிந்து, வழியும் குழம்பைக் கையாலும் காலாலும் இழுத்துத் தாள்போல் விரித்து, ஆறியபின் நொறுக்குவது பழைய முறை. அவல்போல் தட்டையாகவும் மெல்லியதாகவும் உதிரும் அச்செதில்களுக்கு அவலரக்கு என்பதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. இந்தியாவில் இது பெரும்பாலும் ஜார்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களின் வனப்பகுதிகளில் விளைகிறது; ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் 1924-இலேயே அரக்குக்கெனத் தனி ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற கிராமபோன் இசைத்தட்டுகளும் இதே பிசினில் கல்பொடி சேர்த்து வார்க்கப்பட்டவையே.

அவலரக்கைச் சாராயத்தில், அதாவது கடைகளில் ஸ்பிரிட் என்று விற்கப்படும் எரிசாராயத்தில், லிட்டருக்கு 150 முதல் 250 கிராம் வரை ஊறவைத்துக் கரைத்து, துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் முறை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் செம்மை பெற்றதால், பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயரிலேயே தமிழ்நாட்டுத் தச்சர்களிடமும் வழங்கிவருகிறது. மரத்தை முதலில் 120, 180, 320 என்ற வரிசையில் உப்புத்தாள் கொண்டு ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். ரேகைக்குக் குறுக்கே விழும் ஒரே ஒரு கீறல்கூட, மெருகேறியபின் பல மடங்கு துலங்கித் தெரியும். தேக்கின் துளைகள் பெரியவை என்பதால், நுரைக்கல்லின் மெல்லிய பொடியைச் சேர்த்துத் தேய்த்து அவற்றை அடைப்பதும் இத்தொடக்கப் பணியில் அடங்கும்.

பஞ்சு உருண்டையைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்த ஒரு சிறு பொட்டலமே இக்கலையின் கருவி. பஞ்சு அரக்குக் கரைசலை உள்ளே தாங்கிக்கொள்ள, துணி அதைச் சிறிது சிறிதாகக் கசியவிட, வழுக்கலுக்காக அடியில் தொட்ட ஒரு துளி ஆளிவிதை எண்ணெயோடு கை முதலில் சிறு வட்டங்களாகவும், பிறகு 8 என்னும் எண்ணின் வடிவிலும், இறுதியில் ரேகையின் நீளத்துக்கும் ஓடுகிறது. பொட்டலம் மரத்தின்மேல் ஒரு கணமும் நிற்கலாகாது. ஓட்டத்தோடே இறங்கி ஓட்டத்தோடே எழவேண்டும். நின்றால், அதிலுள்ள சாராயம் அடியிலிருக்கும் படலத்தை இளக்கிப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கைதவறினால் படலத்தைக் கெடுக்கும் இந்தக் குணமே அவலரக்கின் பெருங்கொடையும் ஆகும். புதிய பூச்சு பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவதால், நூறு தடவை தேய்த்தாலும் மரத்தின்மேல் இருப்பது ஒரே படலம்தான். ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு கை தேய்க்கும்போதும் அப்படியே. இன்று தச்சுக்கடைகளில் அதிகம் தெளிக்கப்படும் பாலியூரித்தேன் பூச்சு இறுகியபின் எதனோடும் கரையாது என்பதால், ஒரு மூலை பெயர்ந்தாலும் ஒட்டுப்போட்டது தெரியாமல் சீர்செய்வது கடினம். பளபளப்பிலும் உறுதியிலும் அது மேலானதே என்றாலும், மரத்தின்மேல் கண்ணாடி கவிழ்த்ததுபோன்ற தோற்றத்தையே தருகிறது. அவலரக்கிலோ கண் நேரே ரேகைக்குள் இறங்குகிறது.

குறைகளும் உண்டு. சூடான காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வெண்மையான வளையம் விழும். ஆயினும் அரக்கு ஏறக்குறைய வற்றிய பொட்டலத்தில் ஓரிரு துளி சாராயம் விட்டு, அவ்விடத்தைத் தொட்டும் தொடாமலும் வருடினால் பெரும்பாலும் அது மறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் இப்பணியைத் தொடங்கலாகாது. சாராயம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், படலம் பால்போல் மங்கிவிடும். கரைத்த அரக்கும் நாள்பட்டால் காயாமல் பிசுபிசுக்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கரைப்பதே நல்லது.

மெருகேற்றுவதற்காக அலமாரியைக் காலிசெய்யும் வேளையே, அதனுள் எது எங்கே இருக்கவேண்டும் என்று குடும்பத்தார் புதிதாக வகுத்துக்கொள்ளும் வேளையும் ஆகிறது. அப்போது இழுப்பறைகளின் உட்புறத்தையும் விட்டுவிடலாகாது. எண்ணெய் வார்னிஷ் பூசிய மூடிய அறைகளில் அதன் காட்டம் மாதக்கணக்கில் தங்கித் துணிகளில் ஏறிவிட, அவலரக்கின் சாராய வாடையோ சில நாள்களில் முற்றிலும் அகன்றுவிடுகிறது. அதன்பின் மடித்துவைத்த பட்டுப்புடவையை எடுக்கையில் துணியின் வாசமன்றி வேறெதுவும் எழுவதில்லை.