ஹெர்ட்ஸ் கணக்கும் கை வேகமும்

மும்பையின் திலக் நகர் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டி ஏறி, குர்லாவிலும் தாதரிலும் மாறினால் கிராண்ட் ரோடு. அங்கிருந்து சில நிமிட நடையில் லேமிங்டன் ரோடு. செம்பூர், திலக் நகர், செட்டா நகர்ப் பக்கம் வேலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் போன்ற சுடும் ஆட்டங்களைத் தீவிரமாக ஆடும் பிள்ளைகள், முதல் சம்பளத்தையோ அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய பணத்தையோ எடுத்துக்கொண்டு மானிட்டர் வாங்கப் போகும் இடம் அது. கடைக்காரரிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, பல நேரம் ஒரே கேள்வி: எத்தனை ஹெர்ட்ஸ்?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால் பல குடும்பங்களின் பணம் வீணாகிறது. 60 ஹெர்ட்ஸிலிருந்து 144க்கு ஏறும் முதல் படியில் கிடைக்கும் பலன் உண்மையானது, பெரியது. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை ஏறுகிறது, பலன் சுருங்குகிறது. இதை நம்பச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி விநாடி. 144இல் இது 6.9 ஆகிறது, ஏறத்தாழ 10 மில்லி விநாடி மிச்சம். 144லிருந்து 240க்குப் போனால் 4.2, மிச்சம் 2.8 மட்டும். 240லிருந்து 360க்கு 1.4. 360லிருந்து, ஆசஸும் பென்க்யூவும் அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்த 540க்குப் போனால், ஒரு மில்லி விநாடிகூட இல்லை. பெட்டியில் அச்சிடும் எண் பெரிய தாவலாய்த் தெரிகிறது. கண்ணுக்கு வந்து சேரும் நேரமோ அந்த வேகத்தில் குறைவதில்லை.

முதல் படி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 ஓடிய காலத்தில் கேமிங் கடைகளில் இருந்தவை பெருத்த சிஆர்டி மானிட்டர்கள். அவற்றில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் 100 ஹெர்ட்ஸ் வைத்து ஆடினார்கள். பிறகு தட்டைத் திரை வந்தது. இடம் மிச்சம், மின்சாரம் மிச்சம். ஆனால் 60 ஹெர்ட்ஸ். போட்டி ஆட்டத்தைப் பொறுத்தவரை அது பின்னடைவு. அதனால்தான் பல தொழில்முறை ஆட்டக்காரர்கள் கனத்த சிஆர்டியை நீண்ட நாள் விடவில்லை. 2009இல் 120 ஹெர்ட்ஸ் எல்சிடி திரைகள் வந்தன, சில ஆண்டுகளில் 144 வந்தது. கையைவிட்டுப் போனதைத்தான் அப்போது மீட்டுக்கொண்டார்கள். உயர்ந்த ஹெர்ட்ஸ் வெறும் விளம்பரம் என்று தள்ளுபவர்கள் இந்த வரலாற்றைக் கவனிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. திரை படத்தை ஒரே கணத்தில் போடுவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதுகிறது. குறி வைக்கும் புள்ளி திரையின் நட்ட நடுவில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் எழுத்து அந்த நடுவை வந்தடையவே 8 மில்லி விநாடிக்கு மேலாகும், 240இல் 2தான். எதிராளி மூலையிலிருந்து குறுக்கே பாயும்போது, 60 ஹெர்ட்ஸ் கண்ணுக்கு அவன் துண்டு துண்டாய்த் தாவுகிறான். 144இல் அவன் ஓடுகிறான். ஓடுபவனைத் தொடர்வது கைக்குச் சுலபம். மனிதக் கை எதிர்வினை ஆற்ற ஏறத்தாழ 200 மில்லி விநாடி எடுக்கும்போது பத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அசைவு எவ்வளவு தொடர்ச்சியாகத் தெரிகிறது என்பதும் குறியின் துல்லியத்தைப் பாதிக்கிறது.

ஆய்வும் இதை ஆதரிக்கிறது. அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக்கில் மார்க் கிளேபூல் 2000களின் நடுவில் செய்த சோதனைகள், சுடும் ஆட்டங்களில் படத்தின் தெளிவைவிட நொடிக்கு எத்தனை படங்கள் என்பதே ஆடுபவரின் திறனை அதிகம் பாதிக்கிறது என்று காட்டின. 4கே வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று தடுமாறும் போட்டி ஆட்டக்காரருக்கு இது தெளிவான பதில். தொழில்முறை ஆட்டக்காரர்கள் 24, 25 அங்குலத் திரையில் சாதாரண ஃபுல் எச்டியில் ஆடுவதும், கவுண்டர்-ஸ்டிரைக்கில் பலர் அதற்கும் கீழே இறங்கி ஆடுவதும் இதனால்தான்.

இனி மறுபக்கம். கிராபிக்ஸ் கார்டு விற்கும் என்விடியா 2019இல் ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டது: நொடிக்கு அதிகப் படங்கள் ஓட்டும் ஆட்டக்காரர்கள், தாங்கள் வீழ்வதைவிட அதிகம் பேரை வீழ்த்துகிறார்கள் என்று. லேமிங்டன் ரோட்டில் சொல்லப்படும் பல வாதங்களின் வேர் இது. ஆனால் விலையுயர்ந்த திரையை வாங்குபவர் பெரும்பாலும் ஏற்கெனவே அதிகம் ஆடுபவர், அதிகம் பயிற்சி எடுத்தவர். திரை அவரைத் திறமைசாலி ஆக்கியதா, திறமைசாலி என்பதால் திரை வாங்கினாரா என்பதை அந்தப் புள்ளிவிவரம் பிரித்துச் சொல்வதில்லை.

அதே 2019இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஜோசஃப் ஸ்பியூட்டும் உடன்பணியாற்றியவர்களும், சிகிராஃப் ஆசியா மாநாட்டில் ஒரு சிறிய கட்டுரை படித்தார்கள். ஆட்டத்தின் மொத்தத் தாமதத்தைக் குறைப்பது, திரையை 60 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றுவதைவிடக் குறி வைப்பதில் அதிகப் பலன் தருகிறது என்பது அதன் முடிவு. விற்பனைப் பிரிவு சொன்னதைவிட ஆய்வுப் பிரிவு சொன்னதை நான் அதிகம் மதிக்கிறேன். மானிட்டர் வாங்குபவர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய முடிவு அது.

மவுஸை அழுத்தியதிலிருந்து திரையில் வெடிப்புத் தெரியும் வரை ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. மவுஸ், பிராசசர், கிராபிக்ஸ் கார்டில் வரிசையில் காத்திருக்கும் படங்கள், கேபிள், திரையின் உள்ளே நடக்கும் படச்செயலாக்கம், கடைசியில் பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம். ஹெர்ட்ஸ் அதில் ஒரு கண்ணிதான். திரையின் சுழற்சிக்காகப் படங்களைக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க்கை அணைக்காமல் விட்டால் 240 ஹெர்ட்ஸ் தந்த லாபம் முழுதும் அங்கேயே கரையலாம். நொடிக்கு 90 படம்தான் தள்ள முடிகிற கம்ப்யூட்டரில் 240 திரையை மாட்டினால், அது பெரும்பாலும் பழைய படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். வேலரண்ட் இலகுவான ஆட்டம். எளிய கம்ப்யூட்டரிலும் நன்றாக ஓடும். 2023 செப்டம்பரில் வந்த கவுண்டர்-ஸ்டிரைக் 2 அப்படியில்லை. பிராசசரைப் பிழிந்தெடுக்கும். பழைய ஆட்டத்தில் 240 படம் எடுத்த கம்ப்யூட்டர் புதியதில் அந்த எண்ணில் பாதியோடு நின்றுபோவதைப் பலர் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்குத் தேவை புது மானிட்டர் அல்ல, பிராசசரும் ரேமும்.

இணையத்தில் ஆடும்போது இந்தச் சங்கிலியோடு இன்னொரு கண்ணியும் சேர்கிறது: சர்வர் வரையிலான தூரம். அதில் மும்பைப் பிள்ளைக்கு ஊரே கைகொடுக்கிறது. வேலரண்ட்டின் சர்வர் மும்பையில் இருக்கிறது. கவுண்டர்-ஸ்டிரைக்கின் சர்வர்கள் மும்பையிலும் சென்னையிலும் இருக்கின்றன. திலக் நகரில் நல்ல ஃபைபர் இணைப்போடு கேபிள் சொருகி ஆடுபவருக்கு மும்பை சர்வரின் பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் நேரம், மிகக் குறைவு. அதே வேலரண்ட்டை மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆடுபவருக்கு அதற்கு மேல் சில பத்து மில்லி விநாடிகள் கூடும். அந்தத் தூரத்தை எந்த மானிட்டரும் ஈடுகட்டாது. சொந்த வீட்டிலேயே இந்தச் சாதகத்தை இழப்பவர்களும் இருக்கிறார்கள்: மூன்று சுவர் தாண்டி வரும் வைஃபையில் 360 ஹெர்ட்ஸ் திரையை வைத்து ஆடுபவர்கள்.

பெட்டியில் அச்சிடும் இன்னொரு எண்ணையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்: ஒரு மில்லி விநாடி. பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மிகச் சிறந்த தருணத்தை அளந்து போட்ட எண்ணாக அது இருக்கலாம். பின்விளக்கை மினுக்கி எடுத்த வேறோர் அளவாகவும் இருக்கலாம். விஏ வகைத் திரைகள் பலவற்றில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவது அவ்வளவு மெதுவாக நடப்பதால், இருண்ட மூலையில் ஓடுபவனுக்குப் பின்னால் கரிய வால் இழுபடும். அதைச் சரிக்கட்ட, பிக்சலை வேகப்படுத்தும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தால் எதிர்மாறான வெளிர்நிழல் வரும். மந்தமான பிக்சலோடு வரும் 240 ஹெர்ட்ஸ் திரையைவிட, வேகமான பிக்சலோடு வரும் 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரை மேல். ஓஎல்இடி இந்தச் சிக்கலை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. ஆனால் அதன் விலை வேறு. ஒரே மேப், ஒரே ஸ்கோர் பலகை நாளெல்லாம் நின்றால் தடம் பதியும் பயமும் கூடவே வருகிறது. பெரிய கவுண்டர்-ஸ்டிரைக் மேடைகளில் பரவலாகக் காணப்படும் பென்க்யூவின் ஸோவி திரைகள் புகழ் பெற்றது ஹெர்ட்ஸால் மட்டுமல்ல. பின்விளக்கை மினுக்கி அசைவு மங்கலைக் குறைக்கும் நுட்பத்தாலும்தான். 2022இல் வெசா அமைப்பு அசைவுத் தெளிவுக்கென்றே கிளியர்எம்ஆர் என்ற தரக்குறியைக் கொண்டுவந்தது. கடையில் கேட்கத் தகுந்த கேள்வி அது.

நம் ஊர் வீடுகளையும் மறக்கக் கூடாது. ஒரே அறையில் நால்வர் தூங்கும் வீட்டில், மே மாதப் புழுக்கத்தில், 300 படம் தள்ளுவதற்காக முழு வேகத்தில் உழைக்கும் கார்டு அறையைச் சூடாக்குகிறது. படங்களின் எண்ணிக்கைக்குத் திரையின் ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு வரம்பு போட்டால் கார்டின் மூச்சிரைப்பு குறையும். ஆட்டமும் ஒரே சீராக ஓடும். மேசைக்கும் கட்டிலுக்கும் இடையே முழங்கை அளவு இடம்தான் என்றால் 27 அங்குலம் வேண்டாம். தலையைத் திருப்பாமல் முழுத் திரையும் கண்ணுக்குள் அடங்கும் 24 அங்குலம்தான் அங்கே பொருந்தும்.

இவ்வளவு குறை சொன்னபின்னும், இந்தச் செலவை வீண் என்று தள்ளும் பெற்றோரின் பக்கம் நான் நிற்கவில்லை. போட்டி மேடையில் எல்லாருக்கும் ஒரே மானிட்டர். அங்கே நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மேடைக்குப் போகும் தகுதிச் சுற்றுகளில் பல இணையவழி நடக்கின்றன. அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் திரையில். அங்கே 60 ஹெர்ட்ஸ் ஆபீஸ் மானிட்டரில் ஆடும் பிள்ளை, திறமையில் சமமாக இருந்தும் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் தாமதமாகவே எதிராளியைப் பார்க்கிறான். 2022 இறுதியில் இந்திய அரசு மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்றது. மும்பையின் குளோபல் ஈஸ்போர்ட்ஸ் அணி 2023இல் சியோலில் நடந்த வேலரண்ட் பசிபிக் லீகில் ஆடத் தொடங்கியது. அந்த வழியில் ஒருவன் உண்மையாகவே அடி எடுத்து வைத்திருந்தால், 144 ஹெர்ட்ஸ் அவனுக்கு ஆடம்பரம் அல்ல. கிரிக்கெட் பயிற்சிக்குப் போகும் பையனிடம் ரப்பர் பந்து போதும் என்று யாரும் சொல்வதில்லை.

240 யாருக்கு? கம்ப்யூட்டர் தொடர்ந்து 240 படத்துக்கு மேல் தள்ள வேண்டும், சில நேரம் மட்டும் அல்ல, புகை குண்டு வெடிக்கும் தருணத்திலும். இணைய இணைப்பு கேபிள் வழியாக வர வேண்டும். ஆடுபவர் ரேங்க் ஏணியின் மேல்படிகளில் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் வாங்கலாம். 360உம் 540உம் அதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை, லேமிங்டன் ரோட்டிலோ அக்கம்பக்கத்திலோ செகண்ட் ஹேண்டாக வரும் 144, 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரைகள். 240க்குத் தாவுபவர்கள் கழித்துவிடுபவை அவை. பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். பில்லும் மீதி வாரண்டியும் கேளுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களைப் போட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கை அணைத்து ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள்; பழைய எச்டிஎம்ஐ கேபிளும் போர்ட்டும் முழு வேகத்தைத் தராமல் போகலாம். வீட்டுக்கு வந்து மாட்டியதும் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய், அட்வான்ஸ்டு பகுதியில் எண்ணை 144க்கு மாற்றுங்கள். பல கம்ப்யூட்டர்களில் அது தானாக மாறாமல் 60லேயே நின்றிருக்கும்.