முறைப்பாடும் ஒரு சித்திர நாவலும்

சித்திரக்கதை சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணத்துக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. 1954 இல் உளமருத்துவர் பிரெட்றிக் வேர்த்தம், இளையோரின் ஒழுக்கக் கேட்டுக்குச் சித்திரக்கதைகள் காரணமாகின்றன என வாதிட்டு நூலொன்றை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே வெளியீட்டாளர்கள், அரசின் தலையீட்டுக்கு அஞ்சித் தமக்குத்தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். வளர்ந்தோர் வாழ்வை அக்கலைவடிவிற் சொல்லும் வாய்ப்பு நெடுங்காலம் குறுகிக் கிடந்தது. ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' 1992 இல் புலிற்சர் சிறப்பு விருது பெற்ற பின்னரும், நூலக இறாக்கையிற் சித்திரக் கட்டங்களைக் காணும் பெற்றோர் பலரிடம் பழைய எண்ணமே முந்தி நிற்கிறது.

மிசூறி மாநிலத்து மார்ஷல் நகரப் பொது நூலகத்தில் 2006 இல் எழுந்த பிணக்கு இதற்குத் தக்க சான்றாகும். கிறெய்க் தொம்சனின் 'பிளாங்கற்ஸ்' (2003), அலிசன் பெக்டெலின் 'ஃபன் ஹோம்' (2006) ஆகியவற்றை அகற்றுமாறு நகரவாசி ஒருவர் முறைப்பாடு செய்தார். உள்ளடக்கமன்று, சித்திரங்களும் அவை பிள்ளைகளின் கைக்கு எட்டுவதுமே அவரது மறுப்புக்குக் காரணம். நூலகத்திடம் எழுத்திலமைந்த நூற்றெரிவுக் கொள்கை இருக்கவில்லை. ஆகவே நூலகச் சபை இரு நூல்களையும் முதலில் நிறுத்திவைத்துவிட்டு, அதன் பின்னரே கொள்கையை வகுக்கத் தொடங்கியது. 2007 மார்ச்சில் இரண்டும் மீண்டன. ஆயின், இளையோர் பகுதியிலிருந்த 'பிளாங்கற்ஸ்' வளர்ந்தோர் பகுதிக்கு மாற்றப்பட்டது.

இதனை நியாயமான இணக்கமெனக் கொள்வோருமுளர். நாவலைப் படித்தோர் அவ்வாறு கொள்ளல் அரிது. விஸ்கொன்சினில் கடுஞ் சமயப் பற்றுள்ள குடும்பத்தில் வளரும் ஒருவன், முதற் காதலையும் விசுவாசத் தளர்வையும் எதிர்கொள்வதே ஏறத்தாழ 600 பக்கங்களில் விரியும் இந்நாவலின் பொருள். சிறுவயதில் அவன் வரைந்த நிர்வாணப் பெண்ணின் படத்தைக் கண்டு பெற்றோர் கடிந்துகொள்ளும் பகுதியொன்று அதில் வருகிறது. பின்னொருநாள் அவன் தன் ஓவியங்களை எரித்தும் விடுகிறான். முறைப்பாட்டாளரின் குரல் நாவலுக்குள்ளேயே ஒலிக்கிறது என்பதே வியப்பு. அப்பெற்றோரைக் கொடியோராகத் தொம்சன் தீட்டவில்லை. அவர்களது அச்சம் அன்பிலிருந்து பிறப்பதை அவர் அறிவார். இத்தகைய நூலைப் பதினாறு வயது வாசகனிடமிருந்து விலக்கி வைத்தால் வேறு எவரிடம் கொடுப்பது?

முறைப்பாட்டில் உண்மையே இல்லை என்பதற்குமில்லை. சொல்லாலாகிய நாவல் படிப்பவனையே கலக்கும். சித்திரமோ வழியிற் போகும் சிறு பிள்ளையின் கண்ணிலும் நொடியிற் பாயும். இவ்வேறுபாட்டை ஏற்காது சுதந்திரம் மட்டும் பேசும் நூலகர் பெற்றோரின் சினத்தையே வளர்ப்பார். எனினும், சித்திர நாவலிற் பொருள் தனிக் கட்டத்தில் தங்குவதில்லை. கட்டங்களுக்கிடையேயுள்ள வெளியை வாசகன் நிரப்பும்போதே அது பிறக்கிறது. எனவே, 'நூலை முழுமையாகப் படித்தீரா?' என முறைப்பாட்டுப் படிவங்கள் வினவுவது வெறும் அலுவலக வழக்கமன்று. அதில் ஓர் அழகியல் நியாயமும் உண்டு. பரிசீலனை முடியும்வரை நூல் இறாக்கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் நிலைப்பாடு. தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என முடிவுசெய்யும் உரிமை பெற்றோர்க்குண்டு. ஊரார் பிள்ளைகளுக்கும் சேர்த்து முடிவுசெய்யும் உரிமை அதிலடங்காது. மார்ஷலில் நடந்த இடமாற்றமோ பின்னதையே ஓசையின்றிச் செய்தது. வளர்ந்தோர் பகுதி எவருக்கும் பூட்டப்படவில்லை என்பது மெய்தான்; அங்கு சென்று அந்நூலைத் தேடியெடுக்கும் துணிவு எல்லா இளைஞர்க்கும் வாய்ப்பதில்லை.