படம் இருக்கிறது, படிக்க ஆளில்லை

துபாய், ஷார்ஜா, தோஹாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் விடுமுறையில் ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது: பழைய கடிதங்களைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்வது. பரணிலிருந்து இறங்கும் தகரப்பெட்டியில் எழுபதுகளின் ஏர்மெயில் கடிதங்களும் டிராஃப்ட் அடிக்கட்டைகளும் இருக்கும். இரண்டே நாளில் அத்தனையும் படமாகிவிடும். "இனிக் கவலையில்லை" என்ற செய்தியோடு குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கும் வந்துவிடும்.

நன்மை உண்டு. கரையானுக்கும் மழை ஒழுக்குக்கும் படம் தப்பும். விசா முடிந்தால் வீட்டைக் காலி செய்யும் வாழ்க்கையில் பெட்டியைச் சுமக்கவும் முடியாது.

குறைகளில் சில எளிதில் திருத்தக்கூடியவை. ஏரோகிராமில் இடம் போதாமல் ஒட்டும் மடிப்பிலும் ஓரத்தில் நெடுக்காகவும் எழுதுவார்கள். செயலி விளிம்பை வெட்டும்போது அந்த ஓரம் போய்விடும். கறுப்பு வெள்ளையாக்கினால் மங்கிய தபால் முத்திரை மறையும். தேதியிடாத கடிதத்துக்கு அந்த முத்திரைதான் தேதி. வண்ணத்தில், 300 டிபிஐயில், உறையோடு சேர்த்து எடுத்தால் இவை தீரும்.

தீராத குறை, படமெடுப்பவர் எதையும் வாசிப்பதில்லை என்பது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை 'லை' வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைக்குப் புதிர். அவசரக் கையெழுத்தில் புள்ளி விழாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். அச்சுத் தமிழை ஓரளவு படிக்கும் மென்பொருள் இங்கே திணறும். எழுத்துப் புரிந்தாலும் பொருள் புரிய ஆள் வேண்டும். "பெரிய வீட்டு மாமாவுக்கு 200 ரூபாய் கொடுக்கவும்" என்று 1963இல் துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால், எந்த மாமா, என்ன கடன்? அந்த ரூபாய்தான் எது? வளைகுடாவுக்கென்றே இந்திய ரிசர்வ் வங்கி 1959 முதல் தனி நோட்டு வெளியிட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இதற்கெல்லாம் விடை வராது. ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.

2014இல் தொடங்கிய கத்தார் மின்னூலகம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் அரபியிலும் ஆங்கிலத்திலும் விவரக்குறிப்பு எழுதி வைக்கிறது. வீட்டில் மிஞ்சுவதோ எண்ணிட்ட படக்கோப்புகளின் வரிசை. பூட்டிய பெட்டி கிளவுடுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளில் கிடைக்கும் அர்வி கடிதங்கள், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ், இதைவிட வேதனை. அமீரகப் பள்ளியில் அரபி படிக்கும் பேரன் எழுத்தைக் கூட்டி உச்சரிப்பான், பொருள் பிடிபடாது. பாட்டிக்குக் கண் மங்கினாலும் காதில் விழுந்தால் புரியும். அமீரகத்தில் வாட்ஸ்ஆப் அழைப்புக்குத் தடை இருந்தாலும் குரல்பதிவுக்கு இல்லை. ஒருவர் படிக்க மற்றவர் விளக்கினால் கடிதம் பிழைக்கும்.

ஆகவே வரும் விடுமுறையில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பத்துக் கடிதங்களை வாசித்துப் பதிவு செய்யலாம். ஸ்கேன் அடுத்த வருடம் வரை பொறுக்கும்.