துணி உடுத்தாத நடராஜர்

கம்போங் ராஜாவில் எங்கள் வீட்டு முன்னறையில் கொஞ்ச காலம் இரண்டு நடராஜர்கள் எதிரெதிர்ச் சுவரில் இருந்தார்கள். ஒருவர் பாட்டியின் நடராஜர். பழைய சிவகாசி காலண்டரில் தேதித் தாளைக் கிழித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். பட்டு, நகை, மாலை, பின்னால் நீலமும் ரோஜா நிறமும் கலந்த வானம். கண்ணாடி மேல் பாட்டி வைத்த சந்தனமும் குங்குமமும் தடித்துப்போயிருக்கும். இன்னொருவர் நான் கொண்டுவந்தவர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜரின் கறுப்பு வெள்ளைப் படம். பல்கலைக்கழக விடுமுறையில் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டினேன். அப்போதுதான் ஆனந்த குமாரசாமியைப் படித்து முடித்திருந்தேன். அந்தத் திமிர் இருந்தது.

பாட்டி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாமிக்கு யாருய்யா துணி உடுத்தாம விட்டது?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். சிற்பம் என்றால் என்ன, சமநிலை என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், பாவம், அவருக்கு என்ன கலை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வி அறியாமை அல்ல, ஒரு விமர்சனம் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

குமாரசாமி எனக்குப் பிடித்துப்போனதற்கு அவர் வாழ்க்கையும் ஒரு காரணம். கொழும்பில் பிறந்தவர், தமிழ்த் தந்தை, ஆங்கிலத் தாய். முதலில் நிலவியலாளர். இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர். பாறையைப் படித்தவர் கலைக்கு வந்தார் என்றால், இரும்பைப் படிக்கும் நானும் வரலாம்தானே? 1918இல் வெளியான 'சிவ நடனம்' நூலின் தலைப்புக் கட்டுரையில் உண்மை விளக்கத்தையும் திருமந்திரத்தையும் துணைக்கு வைத்து அவர் நடராஜரை வாசிக்கிறார். உடுக்கை படைப்பு, தீ அழிப்பு, தூக்கிய திருவடி அருள். சிலையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பொருளைச் சொல்கிறது.

அதே காலத்தில் பாரிஸில் இன்னொருவர் நடராஜரைப் பார்த்தார். சிற்பி ரோதான். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியக வெண்கலங்களின் புகைப்படங்களைப் பார்த்து எழுதினார். அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1921இல், அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தன. அவருக்கு உடுக்கையும் தெரியாது, ஐந்தொழிலும் தெரியாது. உதட்டின் வளைவையும், உடல்மேல் ஒளி விழும் விதத்தையும் பார்த்தார். மெடிசி வீனஸ் சிலையோடு ஒப்பிட்டார். குமாரசாமிக்கு அது ஒரு தத்துவம், ரோதானுக்கு அது ஓர் உடல்.

கண்காட்சித் திறப்பு விழாக்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: ஓவியத்துக்கு மொழி தேவையில்லை, எல்லோருக்கும் புரியும். நான் அதை நம்பாததற்குக் காரணம் கலை இல்லை, என் வேலை. இயந்திர வரைபடத்தில் ஒரு பொருளை முன், மேல், பக்கம் என்று பல தோற்றங்களில் வரைவோம். மேல் தோற்றத்தை ஐரோப்பியர்கள் முன் தோற்றத்துக்குக் கீழே வைப்பார்கள். அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் மேலே வைப்பார்கள். பக்கத் தோற்றமும் அதே போல இடம் மாறும். எந்த முறை என்று சொல்ல, தாளின் மூலையில் நுனி வெட்டிய கூம்பு ஒன்றைச் சின்னதாக வரைந்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தக் கூம்பைப் பார்க்காமல் ஓர் ஐரோப்பிய வரைபடத்தை ஜப்பானிய முறையில் வாசித்துவிட்டேன். செய்து வந்த இரும்புத் தாங்கிகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம்வலம் மாறியிருந்தன. அளவு எதிலும் பிழை இல்லை, ஆனால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஏச்சு வாங்கிய அன்றைக்குத்தான் பாட்டியின் கேள்வி மறுபடி ஞாபகம் வந்தது.

அவர் கேள்வியை அவருடைய முறையில் வாசித்தால் என்ன வருகிறது? கோவிலில் நடராஜர் பார்ப்பதற்கான பொருள் மட்டும் அல்ல. குளிப்பாட்டி, உடுத்தி, படையல் வைத்துக் கவனிக்கப்பட வேண்டியவர். வருடத்துக்கு ஆறு அபிஷேகம். மற்ற நாட்களில் பட்டுக்கும் பூவுக்கும் நடுவே முகமும் கையும் தூக்கிய காலும்தான் தெரியும். ஆக, துணி இல்லாமல் நிற்கும் நடராஜர் என்றால் பாட்டிக்கு ஒரே அர்த்தம்தான்: அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அருங்காட்சியகம் என்ற இடத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இது பாமர நம்பிக்கை என்று நினைப்பவர்களுக்குப் பத்தூர் நடராஜர் வழக்கு இருக்கிறது. 1976இல் தமிழ்நாட்டில் மண்ணிலிருந்து கிடைத்து, கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்த சிலை. அதை ஒரு கனடா நிறுவனம் வாங்கியிருந்தது. 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கோவில் வழக்காடும் தகுதி உள்ள தரப்பு என்று ஏற்றுக்கொண்டது. சிலை திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்கியவரைத் தாண்டி, சிலைக்குப் பொறுப்பான ஓர் இடம் உண்டு என்பதைச் சட்டமும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாட்டி கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

காலண்டர் படத்துக்கு வருவோம். ரவி வர்மாவின் படங்கள் நாடகத்தனமானவை, இந்திய உணர்வு இல்லாதவை என்று குமாரசாமி நிராகரித்தார். நானும் அதை அப்படியே வாங்கிக்கொண்டு பாட்டியின் படத்தை மட்டமாக நினைத்தேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்க் காலண்டர் ஓவியத்தின் முன்னோடியான கோவில்பட்டி கொண்டைய ராஜு உண்மையிலேயே நாடகத்திலிருந்து வந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அப்படியானால் குமாரசாமி சொன்ன நாடகத்தனம் அதில் இருக்கத்தான் செய்கிறது. அது குறையா என்பதுதான் கேள்வி. மேடையில் நிற்பவர் சபையைப் பார்த்து நிற்பார். காலண்டர் சாமியும் நம்மைப் பார்த்தே நிற்கிறார்.

பாட்டிக்கு அது தெரியும். வருடக் கடைசியில் கடைகளில் காலண்டர் கொடுப்பார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிவர மாட்டார். "இது கண்ணு எங்கியோ பாக்குது. எதுக்க நின்னா நம்மளப் பாக்க வேணாமா?" என்று கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். கிறிஸ்டோபர் பின்னி, இந்தியச் சாமி படங்களைப் பற்றிய தன் நூலில், மக்கள் படத்தைத் தள்ளி நின்று ரசிப்பதில்லை, தொட்டு, பொட்டு வைத்து, ஜரிகை ஒட்டி உடலால் உறவாடுகிறார்கள் என்று காட்டுகிறார். உண்மைதான். ஆனால் 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுக்கும் கண்ணுக்கு அதில் போதிய இடம் இல்லை என்று எனக்குப் பட்டது. பக்தி உள்ளவருக்குத் தரம் பார்க்கத் தெரியாது என்று நாமாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறோம்.

அதற்காக மூன்று பார்வையும் சரி, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பட்டால் மூடிவிட்டால் ஒற்றைக் காலில் அந்த உடல் நிற்கும் அதிசயம் மறைந்துபோகும். அதைப் பார்க்க ரோதான் வேண்டும். ரோதானை மட்டும் வைத்துக்கொண்டால் உடுக்கை வெறும் உடுக்கைதான். குமாரசாமியோடு நின்றுவிட்டால் காலண்டர் குப்பைக்குப் போகும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது வீட்டுக்குச் சாயம் அடித்தோம். கேமரன் மலை ஈரத்தில் அந்தக் காகிதம் பூசணம் பிடித்துக் கிடந்தது. எறிந்தது நான்தான். பாட்டி திரும்பி வந்து சுவரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது, என்னுடைய கறுப்பு வெள்ளை நடராஜரின் இடுப்பில், கண்ணாடி மேல், சிவப்பு ஜாக்கெட் துணித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. நெற்றியில் சந்தனம். பாட்டி இப்போது இல்லை. துணியை நான் எடுக்கவில்லை.

ரோதானைப் பற்றியும் குமாரசாமியைப் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். லயத்து வீடுகளில் எந்தப் படத்தை மாட்டினார்கள், எதை வேண்டாம் என்றார்கள், ஏன் என்பதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் இன்னும் பாட்டி இருந்தால், போய்க் கேளுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல் கேளுங்கள்.