ஆசிரியர் படித்ததும் படிக்காததும்

1880ஆம் ஆண்டு. குடந்தை அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர், முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்னென்ன நூல்கள் படித்தீர் எனக் கேட்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என அடுக்குகிறார் ஐயர். சீவக சிந்தாமணி படித்ததுண்டா? இல்லை!

‘என் சரித்திரம்’ நூலில் நம்மை நிறுத்தி வைக்கும் இடம் இதுவே. பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆயினும் சமணக் காப்பியத்தை அறியார். குறை அவர் அறிவிலா? அன்று; சமய வேலி கட்டிய பாடமுறையில்!

ஐயர் வேலி தாண்டினார். சமணர் இல்லம் தேடிச் சென்று பொருள் கேட்டார்; 1887இல் சிந்தாமணியை அச்சேற்றினார். தம் அறியாமையை மறைக்காது எழுதினார்; அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறோம். எனினும், வேலி எழுப்பியோர் யார் என உரத்துக் கேட்க அவர் எழுதுகோல் தயங்குகிறது என்பதே நம் குறை.

சோழவரத்திலிருந்து ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் தோழனே, தோழியே! கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளியின் பிள்ளை நாளை உன் முன் அமரும். நீ தொடாத நூல் அப்பிள்ளைக்கு எட்டுமா? படித்தவற்றைப் பட்டியலிடு, விடுபட்டவற்றை எண்ணிப் பார்!